வசந்தத்தில் பூக்கும் கிழங்குகள்: டொரொன்டோ வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டெம்பர் கடைசியில் கடைகளில் வலைப்பை வலைப்பையாகத் துலிப் கிழங்குகள் வந்து இறங்கியதும் எனக்கு போன் வரத் தொடங்கும். மே மாதம் பூத்து முடிந்ததும் அடுத்த சுற்று. கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் அதேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

தேதிகள் எல்லாம் டொரொன்டோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் பக்கத்துக்கு உரியவை. ஒட்டாவாக்காரர்கள் இலையுதிர் காலத்தில் ஓரிரு வாரம் முந்திக்கொள்ளுங்கள். வசந்தத்தில் உங்களுக்கு ஓரிரு வாரம் பிந்தித்தான் பூக்கும்.

1. துலிப் எப்ப நடுறது? மே மாசம் எல்லார் வீட்டிலயும் பூத்திருக்கிறதைப் பார்த்துட்டு கடைக்குப் போனா, கிழங்கே இல்லைங்கிறாங்க.

வசந்தத்தில் பூப்பதை இலையுதிர் காலத்தில் நட வேண்டும். மே மாதம் கடையில் தொட்டியோடு பூத்து நிற்பவை, நர்சரிக்காரர்கள் முன்பே குளிரில் வைத்து எடுத்தவை. கிழங்காக வாங்க வேண்டுமென்றால் செப்டெம்பரிலிருந்து நவம்பர் வரைதான் கிடைக்கும்.

டாஃபடில், குரோக்கஸ், ஸ்னோட்ராப் மூன்றையும் அக்டோபர் நடுவுக்குள் நட்டுவிடுங்கள். அவை வேர்விட நாள் எடுக்கும். துலிப்புக்கு அவசரமில்லை, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை நடலாம். மண் குளிர்ந்த பிறகு நட்டால் அதற்குப் பூஞ்சைத் தொல்லையும் குறையும். வீட்டில் பூண்டு போடுகிறவர்களுக்குக் கணக்கு எளிது: பூண்டுப் பல் ஊன்றுகிற அதே வார இறுதியில் துலிப்பையும் ஊன்றிவிடலாம். நிலம் உறைவதற்குள் வேர் பிடிக்க வேண்டும், அப்புறம் 12 முதல் 16 வாரம் குளிர் கிடைக்க வேண்டும். அந்தக் குளிர் இல்லாவிட்டால் தண்டு நீளாது. மொட்டு இலைக்கு நடுவே குட்டையாக நின்று கருகிவிடும்.

2. டாலியாவைத் தோண்டி உள்ள வைக்கச் சொல்றீங்க, துலிப்பை வெளிய விடச் சொல்றீங்க. ரெண்டும் கிழங்குதானே?

கிழங்குதான், ஆனால் பிறந்த ஊர் வேறு. டாலியா மெக்சிகோவிலிருந்து வந்தது, உறைந்தால் கூழாகிவிடும். கிளாடியோலஸ், கல்வாழை இரண்டும் அப்படித்தான். அவற்றை மே மாதம் நட்டு, அக்டோபரில் தோண்டி பேஸ்மென்டில் வைக்க வேண்டும்.

துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியன்ஷான், பாமிர் மலைப்பக்கம். அங்கே குளிர்காலம் கொடுமையானது, வசந்தம் ஈரமாக வந்து சீக்கிரம் போய்விடும், கோடை காய்ந்து கிடக்கும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். டாஃபடிலின் ஊர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அதுவும் நம் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் துலிப்பைவிட நன்றாகவே பொறுக்கும்.

3. எவ்வளவு ஆழம் தோண்டணும்? எந்தப் பக்கம் மேல?

கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. துலிப், டாஃபடில், ஹயசிந்த் மூன்றுக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். குரோக்கஸ், ஸ்னோட்ராப், மஸ்காரி போன்ற பொடிசுகளுக்கு 8 முதல் 10. கூர் மேலே, வேர்த்தட்டு கீழே. எது கூர் என்று தெரியவில்லையா, பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முளை தானே மேலே திரும்பிக்கொள்ளும். தலைகீழாகப் போய்விட்டாலும் பெரும்பாலும் வந்துவிடும், கொஞ்சம் தாமதமாக.

வேலியோரம் ஒற்றை ஒற்றையாக வரிசை கட்டுவது மட்டும் வேண்டாம். அகலமாக ஒரே குழி வெட்டி, ஒன்றோடொன்று தொடாமல் நாலு விரல் இடைவெளியில் ஒன்பது பத்துக் கிழங்குகளை வையுங்கள். கொத்தாகப் பூத்தால்தான் தெருவிலிருந்து கண்ணில் படும், குழி வெட்டுகிற வேலையும் மிச்சம். மண்ணை மூடியதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

4. முதல் தடவை நடப்போறேன். எதை வாங்கலாம்?

டாஃபடில். எல்லாருக்கும் துலிப்பின் மேல்தான் கண், ஆனால் குறைந்த தொல்லையில் வருடா வருடம் பூத்து, தானே பெருகுவது டாஃபடில்தான். அணிலும் மானும் தொடாது. 'டச் மாஸ்டர்' பெரிய மஞ்சள், 'ஐஸ் ஃபாலிஸ்' வெள்ளை, 'டெத்-அ-டெத்' குட்டை ரகம். இவை மூன்றும் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும்.

பூ விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் வரிசை இப்படி: மார்ச் கடைசியில் பனி விலகும் இடத்தில் ஸ்னோட்ராப், அதன் பின்னாலேயே குரோக்கஸ்; ஏப்ரல் நடுவிலிருந்து டாஃபடில்; ஏப்ரல் கடைசியில் ஹயசிந்த்; மே முழுக்க வெவ்வேறு துலிப்புகள்; மே கடைசி, ஜூனில் ஊதாப் பந்து போல அல்லியம். இடையில் நீலமாகத் தரையை மூடும் சில்லா என்று ஒன்று விற்பார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் விதை விழுந்து கட்டுக்கடங்காமல் பரவும். உங்கள் வீட்டுப் பின்புறம் பள்ளத்தாக்கோ காடோ இருந்தால் அதை நடாதீர்கள்.

5. நவம்பர்ல பாதி விலைக்குப் போடுறாங்களே, வாங்கலாமா?

தாராளமாக. நவம்பர் முதல் இரண்டு வாரம் துலிப்புக்கு நல்ல நேரம்தான். ஆனால் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். வெங்காயம் வாங்கும்போது பார்க்கிற அதே பார்வை போதும்: கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். நீலப்பூஞ்சை இலேசாகத் தோலின் மேல் மட்டும் இருந்தால் துடைத்துவிடலாம். அமுங்கினாலோ, நெட்டியாக எடையற்று இருந்தாலோ விட்டுவிடுங்கள். பழுப்புத் தோல் உரிந்திருப்பது குற்றமில்லை.

அளவையும் பாருங்கள். பையில் 12/+ என்று போட்டிருந்தால் கிழங்கின் சுற்றளவு 12 சென்டிமீட்டருக்கு மேல் என்று பொருள். துலிப்பில் அதுதான் முதல் தரம். மலிவுப் பைகளில் 10/11 இருக்கும். பூக்கும், ஆனால் பூ சிறிதாக இருக்கும். அதைவிடப் பொடியானதை வாங்கினால் முதல் வருடமே ஒற்றை இலையோடு நின்றுவிடலாம்.

6. எங்க வீட்டு மண் வெறும் களி. தோண்டினா சட்டி செய்யலாம் போல இருக்கு.

புதுக் குடியிருப்புகளில் இது பொதுவான நோய். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, இயந்திரம் ஏறி இறுகிய களியின் மேல் கொஞ்சம் மண்ணும் புல்லும் விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கிழங்குக்குக் குளிர் எதிரி இல்லை. தேங்கிய தண்ணீர்தான் எதிரி. ஒரு குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே துலிப் வேண்டாம்.

குழியின் அடியில் சரளைக்கல் போடுவது பலர் செய்வது. இறுகிய களிமண்ணில் அது பயன்படாது. சுற்றியுள்ள நீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து தங்கும். பாத்தி முழுவதையும் கொத்தி மக்கிய உரத்தைக் கலந்து, தரையைவிட ஓரடி உயர்த்துவதே வழி. அந்த வேலை முடியாதவர்கள் வீட்டின் தெற்குச் சுவரோரமோ, டிரைவ்வே ஓரச் சரிவோ பாருங்கள். நீர் நிற்காத இடமாக இருந்தால் போதும்.

7. நட்ட அன்னிக்கே அணில் தோண்டிட்டுப் போயிடுது. என்னதான் பண்றது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதிகக் கோபத்தோடு வருவதும் இதுதான். முதலில் ஒன்று: கறுப்பு அணில் மோசம், சாம்பல் அணில் பரவாயில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டும் ஒரே இனம், நிறம்தான் வேறு. குற்றத்தில் பங்கு சமம்.

அணிலுக்குத் துலிப்பும் குரோக்கஸும் விருந்து. அக்டோபரில் அது தன் குளிர்காலக் கொட்டைகளைப் புதைத்துக்கொண்டிருக்கும், புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் போகாது. ஆகவே கிளறிய அடையாளமே தெரியக் கூடாது. கிழங்கிலிருந்து உதிர்ந்த தோல்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அந்த வாசனையே அதைக் கூப்பிடும். மண்ணை மிதித்து இறுக்கி, தண்ணீர் விட்டு, மேலே உதிர்ந்த இலைகளைப் பரப்புங்கள். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டதை எடுப்பதைவிட 8 சென்டிமீட்டரில் இருப்பதை எடுப்பது அதற்குச் சுலபம் என்பதையும் மறக்காதீர்கள்.

நிச்சயமான தடுப்பு கோழிக்கூண்டுக் கம்பிவலை. பாத்தியின் மேல் விரித்து, ஓரங்களில் கல் வைத்து அல்லது ஆணி அடித்து, நிலம் உறையும் வரை விட்டுவையுங்கள். மண்ணுக்குள்ளேயே கிழங்குக்கு மேல் விரித்துப் புதைத்தும் விடலாம், முளை கண்ணி வழியாக வந்துவிடும். மிளகாய்த்தூள் நம் வீடுகளில் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஒரு மழையில் கரைந்துவிடும், பிராணியின் கண்ணில் பட்டால் வதை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோழி எருக் குருணை தூவினால் வருவதில்லை என்று சொல்லும் அயலவர்கள் இருக்கிறார்கள். தீங்கில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி வலையை விட்டுவிடாதீர்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் அணில் சீண்டாதவற்றையே நடுங்கள்: டாஃபடில், அல்லியம், ஹயசிந்த், மஸ்காரி, ஸ்னோட்ராப்.

வசந்தத்தில் முயல் வந்து துலிப் இலையை மேய்வது தனிப் பிரச்சினை. அதற்கு மொட்டு விரியும் வரை ஒரு தாழ்வான வலைவேலி போடலாம்.

8. பூ முடிஞ்சதும் இலை அசிங்கமா கிடக்கு. வெட்டிடலாமா?

வெட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் இந்த மே மாதம் பார்க்கும் பூ, போன வருட மே, ஜூனில் இலைகள் வெயிலில் சமைத்து வைத்த உணவிலிருந்து வந்தது. அடுத்த வருடப் பூவுக்கான சமையல் இப்போதுள்ள இலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. துலிப்பில் கதை இன்னும் கறாரானது: நட்ட கிழங்கு பூத்ததோடு தீர்ந்துபோகிறது, அதன் இடத்தில் புதிய சேய்க் கிழங்குகள் உருவாகின்றன. அவை எவ்வளவு பருக்கும் என்பதை முடிவு செய்வது பூ உதிர்ந்த பிறகு வரும் ஆறேழு வாரங்கள்தான். டாஃபடிலில் தாய்க் கிழங்கு அழியாமல் வருடா வருடம் பெருத்துப் பிரியும். அது துலிப்பைவிட நெடுநாள் வாழ்வதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே, பூ வாடியதும் பூத்தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதை கட்ட விட்டால் அதற்குச் சத்து போய்விடும். தண்டும் இலையும் இருக்கட்டும். இலை பழுத்து, இழுத்தால் கையோடு வரும்போது எடுக்கலாம். நம் பக்கம் அது ஜூன் கடைசியாகும். டாஃபடில் இலையைப் பின்னல் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி வைக்கிற பழக்கமும் வேண்டாம், வெயில் படுகிற பரப்பு குறையும். அசிங்கம் தெரியக் கூடாதென்றால் முன்னால் ஹோஸ்டாவோ டேலில்லியோ நடுங்கள். அவற்றின் இலை விரியும் நேரமும் இவற்றின் இலை பழுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

9. முதல் வருசம் கடைப்படம் மாதிரி பூத்தது. ரெண்டாம் வருசம் பாதி. இப்ப ஒவ்வொண்ணுலயும் ஒரு அகல இலை மட்டும்தான்.

அந்த ஒற்றை அகல இலை, 'என் கிழங்கு பூக்கிற அளவுக்குப் பருக்கவில்லை' என்று துலிப் சொல்வது. காரணம் பெரும்பாலும் எட்டாம் கேள்வியில் சொன்னதுதான்: இலையைச் சீக்கிரம் வெட்டியது, அல்லது பக்கத்து மரம் தழைத்து ஜூனில் நிழல் விழுந்தது. இன்னொன்று கோடைத் தண்ணீர். தானியங்கித் தெளிப்பான் தினமும் நனைக்கும் பாத்தியில் துலிப் நிலைக்காது. அதன் ஊர்க் கோடை வறண்டது.

உங்கள் கவனிப்பு முழுவதும் சரியாக இருந்தாலும் சில ரகங்கள் இப்படித்தான். இரட்டை அடுக்கு, கிளி மூக்கு இதழ், ஓரம் கத்தரித்தாற்போன்ற புதுமை ரகங்கள் எல்லாம் முதல் வருட அழகுக்காக உருவாக்கப்பட்டவை. ஒட்டாவாவில் மே மாதத் துலிப் விழாவில் பார்த்து மயங்குகிறோமே, அங்கேயும் பழையதை நம்பி இருப்பதில்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் கிழங்குகளைப் புதிதாக நடுகிறார்கள். (இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்தார். 1943இல் அவருடைய மகள் மார்கரீத் அங்கே பிறந்தார். அதற்கு நன்றியாக 1945இல் வந்த 1,00,000 கிழங்குகளில்தான் அந்த விழாவின் வேர்.) அவர்களுக்கே அப்படியென்றால், நம் வீட்டுத் துலிப் மூன்றாம் வருடம் சோர்ந்ததற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

நிலைத்து நிற்பது வேண்டுமென்றால் பையில் 'டார்வின் ஹைப்ரிட்' என்று இருப்பதைத் தேடுங்கள். சிவப்பு 'அப்பல்டோர்ன்' அதில் பழைய நம்பிக்கையான ரகம். அதைவிட நெடுநாள் வாழ்பவை டார்டா, குளூசியானா போன்ற காட்டு இனத் துலிப்புகள். பூ சிறியது, உயரம் ஒரு சாண்தான், ஆனால் வெயிலும் வடிகாலும் இருந்தால் வருடா வருடம் பெருகும். என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

10. அதே பாத்தியில மே மாசம் கத்தரி, மிளகாய்க் கன்னு வைக்கலாமா? இடம் அவ்வளவுதான் இருக்கு.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. விக்டோரியா நாள் வார இறுதியில் கன்றுகளை நட நாம் மண்வெட்டியோடு நிற்கும்போது, துலிப் இலை பச்சையாக இருக்கும். இன்னும் ஒரு மாதம் அது இருந்தாக வேண்டும். அதோடு கத்தரிக்கும் பாகலுக்கும் கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும், துலிப்புக்கு வேண்டாம். இரண்டும் ஒரே வீட்டில் ஒத்துப்போகாது.

மூன்று வழிகள் உண்டு. முன்வாசல் கிழங்குக்கு, பின்வளவு காய்கறிக்கு என்று பிரிப்பது முதல் வழி, அதுவே சிறந்தது. துலிப்பை ஒரு வருடப் பயிராக நினைத்து, பூத்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு அக்டோபரில் புதிதாக வாங்குவது இரண்டாவது. மலிவு விலையில் வாங்குகிறவர்களுக்கு இது ஒத்துவரும். மூன்றாவது, இலையோடும் வேரோடும் பெயர்த்து ஓர் ஓரத்தில் மண்ணில் சாய்த்து வைத்துப் பழுக்கவிட்டு, பிறகு கிழங்கைத் துடைத்து வெங்காய வலைப்பையில் போட்டு பேஸ்மென்டில் காற்றாட அக்டோபர் வரை தொங்கவிடுவது. பெயர்த்ததில் கொஞ்சம் மெலியும், ஆனால் பெரியவை பூக்கும்.

டாஃபடிலை மட்டும் காய்கறிப் பாத்திக்குள் எந்த நாளும் நடாதீர்கள். ஏன் என்பது பதினைந்தாம் கேள்வியில்.

11. உரம் என்ன போடணும்? எலும்புத்தூள் போடச் சொல்றாங்களே.

நட்ட வருடம் எதுவும் தேவையில்லை, கிழங்கே தன் சாப்பாட்டு மூட்டையோடு வருகிறது. அடுத்த வருடங்களில், முளை தரையைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஏப்ரலில் மேலாக மக்கிய உரம் தூவினால் போதும். தழைச்சத்து மிகுந்த புல்தரை உரம் வேண்டாம். இலை கொழுத்துக் கிழங்கு அழுகும். எலும்புத்தூளின் வாசனைக்கு நாயும் ஸ்கங்கும் வந்து தோண்டும், ஏழாம் கேள்விக்கு இன்னொரு வாலாகிவிடும்.

12. பிப்ரவரியில ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் முளை வந்துடுச்சு. அடுத்த பனியில செத்துடுமா?

சாகாது. இலை நுனி கொஞ்சம் பழுப்பாகலாம், அவ்வளவுதான். மேலே விழும் பனி போர்வை மாதிரிதான். வாருகோலால் தள்ளப் போகாதீர்கள். மொட்டு நிறம் காட்டிய பிறகு, ஏப்ரல் கடைசியில் கடும் உறைபனி அறிவித்தால் மட்டும் அன்று இரவு ஒரு பழைய பெட்ஷீட்டை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

13. நாங்க கொண்டோவில இருக்கோம். பால்கனித் தொட்டியில வருமா?

வரும், ஆனால் தொட்டியில் குளிர் நாலா பக்கமும் தாக்கும். நிலத்தடியில் இருக்கும் கிழங்குக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அங்கே இல்லை. ஜனவரிக் கடுங்குளிரில் வேர் உறைந்து கூழாகும். குறைந்தது ஓரடி அகலமும் ஆழமும் உள்ள, அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள், மண்தொட்டி வெடிக்கும். சூடாக்கப்படாத கராஜ் யாரிடமாவது இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே வைப்பதுதான் உத்தமம். இல்லாதவர்கள் பால்கனியின் உட்சுவரோரம் வைத்து, அட்டைப்பெட்டி, பழைய கம்பளி, இலை நிரப்பிய பை என்று சுற்றிக் கட்டுங்கள். மண் ஈரம் முழுவதும் காய்ந்துவிடாமல் மாதம் ஒரு தடவை பாருங்கள்.

பிரிட்ஜில் வைத்துக் குளிரூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் பிரிட்ஜில் வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும்.

14. அக்டோபர்ல வாங்கினதை கராஜ்ல மறந்துட்டேன். இப்ப ஜனவரி.

கிழங்கு விதை இல்லை, அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது. அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் இன்றே தொட்டியில் நட்டு, தண்ணீர் விட்டு, கராஜிலேயே வையுங்கள். கடப்பாரை இறங்குகிற அளவுக்கு நிலம் இளகியிருந்தால் நேரே மண்ணிலும் போடலாம். ஏப்ரல் வரை 12 வாரம் கிடைத்துவிடும். பூ தாமதமாக, குட்டையாக வரும், ஆனால் பையோடு குப்பையில் போவதைவிட மேல்.

15. துலிப் கிழங்கைச் சாப்பிடலாம்னு எங்கயோ படிச்சேன். உண்மையா? வீட்டில சின்னப் பிள்ளையும் பூனையும் இருக்கு.

1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்து மக்கள் வேறு வழியில்லாமல் துலிப் கிழங்கைச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பது உண்மை. ஆசைக்குச் சாப்பிட்டதில்லை. அதில் தோலை அரிக்கவும் வயிற்றைப் புரட்டவும் கூடிய பொருள் இருக்கிறது, கடைக் கிழங்கில் பூஞ்சைக்கொல்லியும் இருக்கலாம். சாப்பிடாதீர்கள்.

டாஃபடில் அதைவிட மோசம். லைகோரின் என்ற நச்சு அதன் எல்லாப் பாகங்களிலும் உண்டு, கிழங்கில் அதிகம். சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும் கிழங்கு, முளைத்ததும் வெங்காயத்தாள் மாதிரியே இருக்கும் இலை. தவறிக் குழம்பில் போட்டால் கடும் வாந்திதான். வாங்கி வந்த பையைச் சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கோ மாமிக்கோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டாலே சிலருக்குக் கை அரிக்கும், கையுறை போடுங்கள். பூனைக்கு இவை எல்லாமே ஆகாது. அதிலும் லில்லி வகைப் பூக்கள் பூனையின் சிறுநீரகத்தைப் பாழாக்கி உயிரையே எடுக்கும். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரக் கூடாது.

16. சித்திரை வருசப் பிறப்புக்கு எங்க வீட்டுப் பூவாவே சாமிக்கு வைக்கணும். ஏதாவது பூக்குமா?

ஏப்ரல் 14 அன்று இங்கே வெளியில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது குரோக்கஸ் மட்டும்தான், அதற்குக் காம்பு கிடையாது. ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிடலாம். தெற்குச் சுவரோரம் நட்ட 'டெத்-அ-டெத்' டாஃபடில், வசந்தம் முந்திய வருடங்களில் அதற்குள் பூத்துவிடும்.

நம்பிக்கையாக வேண்டுமென்றால் தொட்டி வழி: நவம்பர் தொடக்கத்தில் டாஃபடிலும் ஹயசிந்தும் நட்டு, பதின்மூன்றாம் கேள்வியில் சொன்னபடி கராஜில் வையுங்கள். மார்ச் நடுவில் வீட்டுக்குள் முதலில் வெளிச்சமான குளிர்ந்த இடத்துக்கும், ஒரு வாரம் கழித்து ஜன்னலோரத்துக்கும் கொண்டுவாருங்கள். மூன்று நான்கு வாரத்தில் பூக்கும். ஹயசிந்த் ஒரு கொத்துப் போதும், சாமியறை முழுக்க மணக்கும். வெட்டிய டாஃபடிலைத் துலிப்போடு ஒரே குவளையில் உடனே வைக்காதீர்கள், அதன் காம்பிலிருந்து வடியும் பசை துலிப்பை வாட்டிவிடும். ஓர் இரவு தனித் தண்ணீரில் வைத்துவிட்டு, மறுபடி காம்பை வெட்டாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

17. ஈஸ்டருக்குக் கடையில வாங்கின தொட்டிச் செடியைப் பூத்ததும் வெளிய நடலாமா?

டாஃபடில், ஹயசிந்த், மஸ்காரி என்றால் நடுங்கள். இலை பழுக்கும் வரை தண்ணீர் விட்டு வெயிலில் வைத்துப் பிறகு நட வேண்டும். அடுத்த வருடம் இலையோடு நிற்கலாம், அதற்கடுத்த வருடம் பூக்கும். துலிப் என்றால் உரக்குழிக்குப் போடுங்கள், வளர்த்தெடுக்கும் பாட்டுக்குப் பலன் இல்லை.

18. டாஃபடில் புதர் மாதிரி மண்டிக்கிடக்கு, பூ மட்டும் வருசா வருசம் குறையுது.

ஒன்பதாம் கேள்வியின் நேர் எதிர் வியாதி: அங்கே கிழங்கு சிறுத்தது, இங்கே பெருகி நெருக்கியது. ஜூன் கடைசியில் இலை பழுத்து, ஆனால் எங்கே இருக்கிறது என்று இன்னும் அடையாளம் தெரிகிற நேரத்தில் முள்கரண்டியால் அகலமாகத் தோண்டி எடுங்கள். தானாகப் பிரிகிறவற்றை மட்டும் பிரியுங்கள்; ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்க வேண்டாம். உடனேயே ஒரு சாண் இடைவெளியில் மறுபடி நடலாம். அமுங்குகிற கிழங்கு இருந்தால் அறுத்துப் பாருங்கள், உள்ளே கொழுத்த புழு இருந்தால் அது நார்சிசஸ் ஈயின் வேலை. குப்பையில் கட்டிப் போடுங்கள். மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம், பதினைந்தாம் கேள்வியின் எச்சரிக்கையோடு.

19. சிவப்புத் துலிப் நட்டேன், மூணு வருசத்தில மஞ்சளாயிடுச்சு. இன்னொண்ணில வெள்ளைக் கோடு விழுந்திருக்கு. யாராவது மாத்தி வச்சிருப்பாங்களா?

மஞ்சளானது மாயமில்லை. கலவைப் பையில் வாங்கியிருப்பீர்கள். வலுவில்லாத சிவப்பு மறைந்து, வலுவான மஞ்சள் மிஞ்சியிருக்கிறது. ஒரே கிழங்கு நிறம் மாறுவது மிக அரிது.

கோடு விழுந்ததைத்தான் கவனிக்க வேண்டும். கோடுள்ள ரகமாகவே வாங்கியிருந்தால் பிரச்சினையில்லை. இன்று கடையில் விற்கும் கோட்டு ரகங்கள் பிறவியிலேயே அப்படி. ஒற்றை நிறமாக இருந்தது திடீரென்று தீற்றல் தீற்றலாகப் பூத்தால் அது வைரஸ். 1637 பிப்ரவரியில் துலிப் சந்தை சரியும் வரை ஹாலந்துக்காரர்கள் சொத்தை விற்று வாங்கியதாகச் சொல்லப்படும் துலிப்புகளின் அழகு இந்த நோயினால் வந்ததுதான். அது வைரஸ் என்ற உண்மை பல காலம் தெரியாமலே இருந்தது. இங்கிலாந்தில் டோரதி கேலி என்ற ஆய்வாளர் 1928இல் நோயுள்ள கிழங்கைப் பிற கிழங்கோடு ஒட்டவைத்து, நோய் தொற்றுவதைக் காட்டினார். அசுவினி இதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும், மருந்து கிடையாது. தோண்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

20. சென்னையில அம்மாவுக்கு ரெண்டு கிழங்கு கொண்டு போகலாமா? யாழ்ப்பாணத்தில வருமா?

இந்தியாவுக்குள் கிழங்கு கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் இங்கே பெற்ற தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் ஒளித்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம். இலங்கைக்கும் விதிமுறை பார்க்காமல் எடுத்துச் செல்லாதீர்கள். கொண்டுபோனாலும், முதல் கேள்வியில் சொன்ன 12 வாரக் குளிருக்குச் சென்னையில் எங்கே போவது? பிரிட்ஜில் வைத்து ஒரு தடவை பூக்க வைக்கலாம், இரண்டாம் தடவை கிடையாது. துலிப் பார்க்கத்தான் ஆசையென்றால் ஸ்ரீநகரில் தால் ஏரிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏப்ரலில் கூட்டிப்போங்கள்.

அம்மாவின் வீட்டிலேயே அந்த மண்ணுக்கு ஒத்துவரும் கிழங்குப் பூக்கள் இருக்கின்றன: முதல் மழைக்கு எழும்பும் மழை லில்லி, சம்பங்கி, செங்காந்தள். செங்காந்தள் கிழங்கும் கொடிய விஷம் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

21. வீட்டை வித்துட்டோம், ஜூலையில கைமாறுது. என் கிழங்குகளை எடுத்துட்டுப் போகலாமா?

நிலத்தில் வேரூன்றியது வீட்டோடு சேர்ந்தது என்றுதான் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். எடுக்க வேண்டுமென்றால் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், முகவரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். அனுமதி இருந்தால் ஜூன் கடைசியில் பத்தாம் கேள்வியின் மூன்றாவது வழிப்படி தோண்டி, ரகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி வலைப்பைக்குள் போட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு எல்லாக் கிழங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.